மூன்று பெட்டிகளும் ஒரு நனைந்த பூனையும்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு சாதியையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. வாங்கிக்கொண்டே இருப்பார், ஆனால் வாங்கியிருக்க மாட்டார். கடைக்குப் போவார், தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், யாரும் கவனிக்காத நேரத்தில் முகர்ந்தும் பார்ப்பார், பிறகு பக்கத்துக் கடைக்குப் போய் அதே பொருளை அதே மாதிரி தூக்கித் தட்டி முகர்ந்துவிட்டு, முதல் கடையில் முகர்ந்தபோது நமக்குக் கொஞ்சம் ஜலதோஷமாக இருந்ததே, அது அந்தக் கடைக்குச் செய்த அநியாயம் அல்லவா என்று மறுபடி முதல் கடைக்கே வருவார். இவருக்கு ஒப்பீட்டாளர் என்று பெயர் வைப்போம். கஞ்சர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் கை வராது. இவருக்கு மனசு வராது.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். இரண்டே வார்த்தை போதும்: "ஆனா ஒண்ணு…" நீங்கள் எதைக் காட்டினாலும் முதலில் தாராளமாகப் புகழ்வார். "சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான குடை!" என்பார். உங்கள் முகம் மலரும். உடனே தலையை லேசாகச் சாய்த்து, ஒரு விரலை உயர்த்தி, "ஆனா ஒண்ணு…" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

நம் ஒப்பீட்டாளர் வீட்டில் ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் ஒரு அளவு சொன்னது. ஒரே ஒரு தெர்மாமீட்டர் சொல்வதை நம்பலாமா? இன்னொன்று வாங்கி வந்தார். அது வேறு சொன்னது. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க மூன்றாவதாக ஒன்று வேண்டும் இல்லையா? அதுவும் வந்தது. மூன்றையும் வரிசையாக வைத்து அவர் சராசரி போட்டு முடிப்பதற்குள், அவர் மனைவி கொடுத்த மாத்திரையில் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டு, அவள் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நேரம் படும்மா, இன்னும் ரெண்டாவது தெர்மாமீட்டரைச் சரிபார்க்கலை" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடியவர்தான் நம் கதாநாயகர்.

சிரித்துக்கொள்ளுங்கள். இவர் கையில் ஒரு தொழிற்கூடம் இருந்தது என்பதைக் கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

டயர் கடைக்கு மேலே, மாடியில், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஒரு நீள அறை. அதுதான் ஸ்டூடியோ. சினிமாவில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும், இருப்பதை இல்லாமல் ஆக்குவதும் அங்கே தொழில். கதாநாயகன் அந்தரத்தில் பறப்பான், அவன் இடுப்பில் கட்டிய கம்பியை இவர்கள் அழிப்பார்கள். பகலில் எடுத்ததை அந்தியாக்குவார்கள். கணக்கு வழக்கும் ஆட்களைச் சமாளிப்பதும் ஒப்பீட்டாளரின் மனைவி. வேலையில் கெட்டி அவள் தம்பி. மச்சினன் என்றுதான் நாமும் சொல்வோம். ஸ்டூடியோ தொடங்கியபோது இருந்தது இந்த மூன்று பேரும் ஒரு ஸ்டூலும்தான். பிறகு இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள், ஸ்டூல் போய் நாற்காலிகள் வந்தன. கம்ப்யூட்டர்கள் மட்டும் அப்படியே இருந்தன.

எப்படி இருந்தன என்றால், மச்சினன் ஒரு காட்சியைச் செய்து முடித்து, அதை ஒவ்வொரு படமாக வரைந்து தரச்சொல்லி மெஷினிடம் ஒப்படைத்தால், அதாவது ரெண்டருக்குப் போட்டால், அது பெருமூச்சு விடும். நிஜமாகவே விடும். பிறகு திரையில் இருப்பதெல்லாம் உறைந்து நிற்கும். ஒப்பீட்டாளரின் சொந்த மெஷின் இன்னும் மோசம். சூடு தாங்காமல் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து, குடலெல்லாம் வெளியே தெரிய, எதிரே மேஜை மின்விசிறி ஒன்றை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் டைரக்டர் வந்தார். உட்காரவே மாட்டார், எதையும் நின்றுகொண்டுதான் பார்ப்பார், அப்படி ஒரு மனிதர். தன் படத்தின் உச்சக் காட்சியைக் கொடுத்தார். நீர்த்தேக்கத்தின் சுவர் உடைந்து கடைத்தெருவுக்குள் வெள்ளம் புகவேண்டும். "இது நல்லா வந்துச்சுன்னா அடுத்த படம் முழுக்க உங்களுக்குத்தான். வரலைன்னா தப்பா நினைக்காதீங்க, பெரிய ஸ்டூடியோவுக்குப் போயிடுவேன்" என்று நயமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெரிய ஸ்டூடியோ மச்சினனையும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. மாடிப்படியில் வைத்து அக்காவிடம் மட்டும் சொன்னான். "எத்தனை நாள்தான்கா இந்த மெஷினோட மல்லுக்கட்டுறது? இந்த ஷாட்டை முடிச்சிட்டு யோசிக்கிறேன்." அக்கா அதை அப்படியே கணவர் காதில் போட்டாள்.

ஒப்பீட்டாளருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு மச்சினன்மேல் உயிர். அவன் போய்விட்டால் ஒரு கையை வெட்டிக் கொடுத்த மாதிரிதான். "நாலு புது ஒர்க்ஸ்டேஷன் வாங்கிடலாம். உடனே வாங்கிடலாம்" என்றார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஒரு விரல் மேலே எழுந்துகொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணு. சரியானதா பார்த்து வாங்கணும்."

ஊரில் இத்தகைய ராட்சத மெஷின்களை விற்கும் கடைகள் மூன்று. மூன்று கடைகளிலும் மூன்று விதமான மெஷின்கள். கறுப்புப் பெட்டி, வெள்ளிப் பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி பதித்து உள்ளே நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி. ஒவ்வொரு கடைக்காரரும் தன் பெட்டிதான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றார். கடைக்காரர் சொல்வதையெல்லாம் நம்பிவிட்டால் அப்புறம் ஒப்பீட்டாளர் எதற்கு? "ஒரு வாரம் கொடுத்துப் பாருங்க. நாங்களே சோதிச்சுக்கிறோம்" என்றார். பெரிய வியாபாரம் ஆயிற்றே, கொடுத்தார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சோதிக்க வேண்டும் என்றால் மூன்று மெஷின்களுக்கும் ஒரே வேலையைக் கொடுக்க வேண்டும். எந்த வேலை? வெள்ளக் காட்சியையே கொடுக்கலாமே என்றான் மச்சினன். நியாயமான பேச்சுதானே? ஒப்பீட்டாளர் பதறிப்போனார். "அது இன்னும் செஞ்சு முடியாத ஷாட்டு. தினம் மாறும். மாறுற அளவுகோலை வச்சு அளக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, தானே ஒரு சோதனைக் காட்சி செய்ய உட்கார்ந்தார், விசிறி வீசும் தன் பழைய மெஷினில்.

மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வெடிக்கும். தண்ணீர் கீழே இருக்கும் மதில்மேல் கொட்டும். அவ்வளவுதான். கறுப்புப் பெட்டி வந்தது, காட்சியைப் போட்டார், நேரம் குறித்தார். வெள்ளிப் பெட்டி வந்தது. பாதியில் அவருக்கு ஒரு சந்தேகம். வெறும் மதில் என்றால் எந்த மெஷினும் செய்துவிடுமே? வெயில் பட்டு மின்னும் கண்ணாடிச் சில்லுகளை மதில்மேல் பதித்தார். பெட்டி திணறியது, அவருக்குப் பரம திருப்தி. ஆனால் கறுப்புப் பெட்டியைச் சோதித்தபோது கண்ணாடிச் சில்லு இல்லையே, அந்த நேரத்தோடு இந்த நேரத்தை எப்படி ஒப்பிடுவது? கறுப்புப் பெட்டியைத் திரும்பக் கூப்பிட்டார். அது வந்து சேர்வதற்குள் தண்ணீரில் நுரை சேர்த்திருந்தார். வெள்ளிப் பெட்டி நுரையைப் பார்க்கவில்லை. அதைக் கூப்பிட்டார். கண்ணாடிப் பெட்டி வந்த வாரத்தில்தான் பூனை பிறந்தது.

"ஈரமான ரோமம்! அதைவிட மெஷினுக்குக் கஷ்டமானது ஒண்ணு கிடையாது!" என்று கூவினார். மதில்மேல் ஒரு பூனை உட்கார்ந்துவிட்டது. தொட்டி வெடித்ததும் அதன்மேல் தண்ணீர் கொட்டும். பூனை நனையும். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நனைந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று பெட்டிகளும் முதலில் இருந்து வந்தாக வேண்டும்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி இறங்கும் ஆள் மூன்று கடைகளுக்கும் பொது. பெட்டிக்காரர் என்றே அவரை அழைத்தார்கள். அவருக்கும் ஸ்டூடியோ சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. வாசலிலேயே மூச்சு வாங்கக் கேட்பார்: "பூனை இந்த வாரம் எப்படிங்க?"

"இப்பத்தான் மீசை போட்டிருக்கேன்."

"அப்போ மத்த ரெண்டு பெட்டியையும் மறுபடி கொண்டு வரணும்னு சொல்லுங்க."

இதில் ஒரு கொடுமையைக் கவனித்தீர்களா? எந்த வாரம் பார்த்தாலும் ஸ்டூடியோவின் நடுமேஜையில் ஊரிலேயே பெரிய கம்ப்யூட்டர் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதற்கு இரண்டடி தள்ளி, உறைந்த திரையை வெறித்துக்கொண்டு மச்சினன் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"மாமா, பூனை ரெண்டர் முடிஞ்சிடுச்சு. பெட்டி சும்மாத்தானே நிக்குது? வெள்ளத்தை இதுல போட்டுக்கட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்ப்பா! மெஷின் சூடாயிடும். நாளைக்குப் பூனையைப் போடும்போது அது ஆறியிருக்கணும். இல்லேன்னா சோதனை நியாயமா இருக்காது."

"நியாயம் பூனைக்கு மட்டும்தானா மாமா?"

ஒப்பீட்டாளர் பூனையின் மீசையில் ஒரு நீர்த்துளி சரியான இடத்தில் தொங்கவில்லை என்பதில் மூழ்கியிருந்தார். மனைவி கணக்கைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். தம்பியின் குரலில் அக்கா மட்டுமே கேட்கக்கூடிய ஒரு சலிப்பு இருந்தது.

கடைசியில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், டைரக்டர் வந்து நின்றார். நின்றார் என்றால் நின்றேதான் இருந்தார்.

"வெள்ளம் எந்த அளவுல இருக்கு?"

மச்சினன் காட்சியை ஓடவிட்டான். சுவர் உடைந்தது, தண்ணீர் கிளம்பியது, கடைத்தெருவின் முதல் கடையைத் தொட்டது, திரை உறைந்தது. மெஷின் பெருமூச்சு விட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளம் அதே கடை வாசலில் மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

"பார்த்த வரைக்கும் தண்ணி வருது. பயம் வரலையேப்பா" என்றார் டைரக்டர். மச்சினனுக்கு முகம் தொங்கிப்போனது. அவனுக்கே தெரியும். ஒரு திருத்தம் செய்து பார்க்க அரைநாள் காத்திருக்க வேண்டியிருந்தால் யாரால்தான் பயத்தைக் கொண்டுவர முடியும்?

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்காரரும் வந்தார். வாரம் முடிந்திருந்தது, நடுமேஜையில் இருந்த பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். அந்தப் பெட்டியின் திரையில் சோதனைக் காட்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் கதவுப் பக்கம் திரும்பியவர் அதைப் பார்த்துவிட்டார்.

மதில்மேல் பூனை. வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு காலைத் தூக்கி நக்கப் போகிறது. மேலே தொட்டி வெடிக்கிறது. தண்ணீர் மொத்தமாக அதன் தலையில் கொட்டுகிறது. பூனை ஓடவில்லை. தூக்கிய கால் தூக்கியபடியே, பாதி உடம்பாகச் சுருங்கி, இந்த வீட்டில் எனக்கு மரியாதையே கிடையாதா என்கிற மாதிரி மேலே நிமிர்ந்து பார்க்கிறது. அடுத்த கணம் தண்ணீரின் வேகம் கூடுகிறது. முதன்முறையாக அதன் கண்ணில் பயம் தெரிகிறது. கண்ணாடிச் சில்லுகளில் நகம் வழுக்கித் தவிக்கிறது.

"இது என்ன?" என்றார் டைரக்டர்.

"அது ஒண்ணும் இல்லை சார். டெஸ்ட்டு" என்றார் ஒப்பீட்டாளர்.

"மறுபடி போடுங்க."

நான்கு தடவை பார்த்தார். நான்காவது தடவை, இதுவரை யாரும் கண்டிராத அதிசயமாக, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எங்கிட்ட வெள்ளம் இருக்கு. பார்க்கிறவங்க அதைப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். இந்தப் பூனை இருந்தா நம்புவாங்க. கடைத்தெரு மதில்மேல இதை உட்கார வைங்க, தண்ணியையும் இதே மாதிரி பண்ணிடுங்க. கொடுத்தா, அடுத்த படத்தை இப்பவே பேசிக்கலாம். யார் பண்ணது இது?"

எல்லோரும் ஒப்பீட்டாளரைப் பார்த்தார்கள். மனைவி முகம் பூவாய் மலர்ந்திருந்தது. மச்சினன் அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். ஸ்டூடியோ பிழைத்தது என்று பெட்டிக்காரருக்குக்கூடப் புரிந்துவிட்டது.

ஒப்பீட்டாளரின் விரல் மெல்ல மேலே எழுந்தது.

"ஆனா ஒண்ணு சார்…"

அவர் மனதில் ஓடியது என்ன தெரியுமா? பூனையைப் படத்தில் விட்டால் ஊரே பார்க்கும். ஊர் பார்த்தால் மெஷின் செய்கிறவர்களும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, நனைந்த பூனையை மட்டும் மின்னல் வேகத்தில் வரையும்படி தங்கள் பெட்டிகளைத் தயார்செய்துவிட்டால்? அப்புறம் அது சோதனையா? பரீட்சைக்கு முன்னாலேயே கேள்வித்தாள் வெளியான கதைதானே? இவ்வளவு நாள் கட்டிக்காத்த ஒரே அளவுகோல் போய்விடுமே!

இதை அவர் வாய்விட்டும் சொன்னார்.

"ஒரு நாலு நாள் டைம் கொடுங்க சார். யோசிச்சுச் சொல்றேன்" என்று முடித்தார்.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்ததைக்கூட ஒப்பீட்டாளர் சரியாகக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது வேறொன்றை. மச்சினன் குனிந்து, தன் நாற்காலி முதுகில் நாடாவால் கட்டியிருந்த சிறிய மெத்தையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முதுகுவலி என்று சொன்னபோது அக்கா தைத்துக் கொடுத்தது. விடுமுறைக்காக ஸ்டூடியோவைப் பூட்டிய நாட்களில்கூட அது அந்த நாற்காலியை விட்டுப் போனதில்லை.

"அதை எங்கேப்பா எடுத்துட்டுப் போறே?"

"வீட்டுக்கு மாமா." முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவன் தலையை நிமிர்த்தாமலே அதோடு போராடிக்கொண்டிருந்தான். "உங்க பூனை நல்லாத்தான் இருக்கு. சத்தியமா நல்லாருக்கு. எனக்குத்தான் இனிமே முடியலை."

வாழ்நாளெல்லாம் எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்றைத் தேடிய மனிதர், அன்றைக்கும் பழக்கதோஷத்தில் தேடினார். இவன் மாதிரி இன்னொருவன், வேண்டாம், இவனைவிடக் கொஞ்சம் மட்டமாக ஒருவன்? எந்தக் கடையிலும் இல்லை. ஒரே ஒரு பையன், ஒரே ஒரு முடிச்சு. அதுவும் அவிழப்போகிறது.

"சார்!" என்று கத்தினார். படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்ட டைரக்டர் திரும்பினார். "பூனையை எடுத்துக்கங்க சார்!" சொல்லி முடித்ததும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொடுத்த மாதிரி வலித்தது. ஆனாலும் சொல்லிவிட்டார். பிறகு மச்சினனிடம் போய், அவன் கையைத் தட்டிவிட்டு, அந்த நாடாவைத் தானே இறுக்கி இன்னொரு முடிச்சும் போட்டார். "எங்கேயும் போகாதேடா" என்றார். மச்சினன் அழுகையை மறைக்க, "முடிச்சு கோணலா இருக்கு மாமா" என்றான்.

இந்தக் களேபரத்தில் பெட்டிக்காரர் தன் கடமையைச் செய்ய நடுமேஜைப் பெட்டியின் கம்பிகளைக் கழற்றப் போனார். மனைவி ஓடிவந்து பெட்டிமேல் கையை வைத்தாள்.

"அண்ணே, கையை எடுங்க. இது இங்கேயே இருக்கட்டும். இதே மாதிரி இன்னும் மூணு கொண்டு வாங்க."

பெட்டிக்காரர் நம்பவில்லை. "டெஸ்ட்டு முடிஞ்சிடுச்சாம்மா?"

"முடிஞ்சிடுச்சுண்ணே."

ஒப்பீட்டாளரின் விரல் தானாகவே எழுந்தது. மனைவி அதைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாள். விரல் பாதி வழியில் மனம் மாறி, போய் மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் நல்லதே. வெள்ளம் கடைத்தெருவுக்குள் பாய்ந்தது, மதில்மேல் பூனை தவித்தது, பார்த்தவர்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அடுத்த படமும் வந்தது. மச்சினன் அங்கேயேதான் இருக்கிறான், இரட்டை முடிச்சு போட்ட மெத்தையில் சாய்ந்துகொண்டு. ஒப்பீட்டாளரும் திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். அறை மூலையில் பழைய மெஷின் எதிரே இன்னும் மேஜை விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. மழையில் நனையும் ஒரு கம்பளி ஆட்டை மயிர் மயிராகச் செய்துகொண்டிருக்கிறார். வாங்கியது சரியான பெட்டிதானா என்று ஒருதடவை தெரிந்துகொண்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமாம்.

இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன விசாரணை. குடும்பம் பிழைத்தது, தொழில் பிழைத்தது, பையன் தங்கினான், கதை முடிந்தது. அப்படியிருக்க, அன்றைக்கு நடுமேஜையில் இருந்தது எந்தப் பெட்டி, கறுப்பா, வெள்ளியா, கண்ணாடியா, அதைச் சொல்லவே இல்லையே என்று உங்களுக்குள் ஒரு அரிப்பு எடுத்ததா? ஒருவேளை விட்டுவிட்டோமோ என்று மேலே போய்த் தேடியும் பார்த்தீர்களா?

அப்படியானால் வாருங்கள், உங்களுக்காகத்தான் மாடியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. எந்த நாற்காலி என்று மட்டும் கேட்காதீர்கள்.